முள் காட்டிய 15

காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் மீட்டரில் 70 பவுண்டு. பத்து மைல் ஓடி இன்ஜின் நன்றாகச் சூடானதும், நிமிடத்துக்கு 3000 சுற்றில் 15. அணைத்துவிட்டுக் கால்மணி நேரம் கழித்து எடுத்தால் மறுபடி 60. 1972-ம் வருட எம்ஜிபி ஜிடி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் அது. கொண்டுவந்த பெரியவர் ஒரு தாளில் தேதி, தூரம், ஆயில் பிரஷர் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்திருந்தார். வேறொரு இடத்தில், இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம்.

நான் அப்போது ஆக்ஸ்போர்டுஷயரில் பழைய வண்டிகளைச் சரிசெய்யும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். எம்ஜிபியை 1962 முதல் 1980 வரை செய்த அபிங்டன் அங்கிருந்து அரைமணி நேரம்தான். ஆனால் அந்த இன்ஜின் எனக்கு இங்கிலாந்தில் அறிமுகமானதல்ல. திருச்சியில் நான் தொழில் பழகியது அம்பாசடர் டாக்ஸிகளில். அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜினும் பி சீரிஸ் என்ற ஒரே குடும்பம். முதல் நாள் பானெட்டைத் திறந்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

பெரியவரின் தாளைப் பார்த்ததும் என் மனதில் வந்தது, மீட்டர் பொய் சொல்கிறது என்பதுதான். அதற்குக் காரணம் உண்டு.

அதற்கு மூன்று வருடம் முன்பு, அமெரிக்காவில் ஓடிவிட்டு இங்கிலாந்துக்குத் திரும்பி வந்த ஓர் எம்ஜிபியைப் பார்த்தேன். அதில் இருந்தது மின்சார ஆயில் பிரஷர் மீட்டர். ஐடிலிங்கில் முள் எழவே இல்லை, ஓட்டத்தில் 20 தாண்டவில்லை. இந்த இன்ஜினுக்கு ஓட்டத்தில் 50 முதல் 80 வரை, ஐடிலிங்கில் 10 முதல் 25 வரை இருக்க வேண்டும். முள்ளை நம்பி இன்ஜினை இறக்கினேன். மெயின் பேரிங் ஐந்தும், பிஸ்டன் தண்டுகளின் அடிமுனையில் இருக்கும் பிக் எண்ட் பேரிங் நான்கும் புதிதாகப் போட்டேன். கழற்றிய பேரிங்குகளில் பெரிய தேய்மானம் இல்லை என்பது கையில் எடுத்தபோதே தெரிந்தது. ஆனாலும் நிறுத்திக் கேட்கத் தோன்றவில்லை. எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்தால், முள் அதே இடத்தில் நின்றது. அந்த நிமிடத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

அப்புறம்தான் சாதாரண இயந்திர மீட்டர் ஒன்றை இன்ஜினிலேயே மாட்டிப் பார்த்தேன். 60. சென்சாரின் எர்த் இணைப்பில் துரு. துரு ஏறினால் மின்தடை கூடும், மீட்டருக்குப் போகும் கரண்ட் குறையும், முள் கீழேயே நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கப் பத்து நிமிடம் ஆனது. நான்கு நாள் கூலியை அந்த வண்டிக்காரரிடம் வாங்க வேண்டாம் என்று முதலாளியிடம் சொன்னேன், அவரும் சரி என்றார். ஆனால் தேவையில்லாமல் ஒரு நல்ல இன்ஜினைப் பிரித்தோமே என்ற வருத்தம் கூலியோடு போகவில்லை.

அதனால்தான் பெரியவரின் வண்டியில் மீட்டர்மீது பழி போட அவசரப்பட்டேன். ஆனால் அந்த ஜிடியில் மின்சார மீட்டர் இல்லை. இன்ஜினிலிருந்து ஆயிலே ஒரு மெல்லிய குழாய் வழியாக டாஷ்போர்டு வரை வருகிறது. மீட்டருக்குள் வளைந்த ஓர் உலோகக் குழல், அழுத்தம் ஏறினால் நிமிரப் பார்க்கும், அந்த அசைவுதான் முள்ளை நகர்த்தும். 1849-ல் பாரிஸில் யூஜின் பூர்டோன் காப்புரிமை வாங்கிய அமைப்பு. துருவுக்கும் கரண்டுக்கும் இங்கே வேலையில்லை.

சரி என்று இன்ஜினின் பின்பக்க வலது மூலையில், குழாய் கிளம்பும் இடத்தில் ‘T’ வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு என் மீட்டரையும் சேர்த்து மாட்டினேன். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து என் மீட்டரை மடியில் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டாவது மைலில் இரண்டு முள்ளும் சேர்ந்தே இறங்கின. “பொய் இல்லை, பார்த்தீர்களா?” என்றார். மீட்டரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது ஸ்டியரிங் பிடித்த கை வேர்த்தது.

அப்படியானால் பேரிங்கா? அங்கேதான் அந்தத் தாள் உதவியது. ஆயில் பம்ப் கொடுப்பது ஆயிலின் ஓட்டத்தை, அழுத்தத்தை அல்ல. அந்த ஓட்டம் குறுகலான இடைவெளிகளில் மோதும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி பெரிதானால் அழுத்தம் இறங்கும், சூட்டில் ஆயில் இளகும்போது இன்னும் இறங்கும். ஆனால் தேய்ந்த பேரிங் கால்மணி நேரம் ஓய்வெடுத்துச் சரியாகாது. தாளில் இருந்த எண்கள் திடீரென்று விழுந்தன, திடீரென்று மீண்டன. ஏதோ ஒன்று சிக்குகிறது, விடுகிறது.

சிக்கக்கூடியது ஒன்றுதான். இடப்பக்கம் பின்னால், கவிழ்ந்த குமிழ் மாதிரி ஒரு பெரிய நட்டுக்குள், அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு இருக்கிறது. ஒரு ஸ்பிரிங், அது தள்ளும் பிளஞ்சர் என்ற ஒரு சின்ன உலோக அடைப்பு, அவ்வளவுதான். குளிர்ந்த கெட்டி ஆயிலால் அழுத்தம் எல்லை மீறினால் பிளஞ்சர் பின்வாங்கி, மிச்ச ஆயிலை இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கே திருப்பிவிடும். எக்சாஸ்ட் குழாய்க்கு அடியில் கையை நுழைத்துத்தான் நட்டைக் கழற்ற வேண்டும். பிளஞ்சரை வெளியே எடுத்து விரலால் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கம் நீளவாக்கில் நகம் தட்டும் அளவுக்குக் கீறல். காலையில் திறக்கும்போது சரியாகத் திறந்திருக்கிறது, சூடானதும் பாதியில் பிடித்துக்கொண்டு மூடாமல் நின்றிருக்கிறது. அழுத்தம் முழுக்கப் போய் இன்ஜின் ஆறியதும் ஸ்பிரிங் தள்ளி மூடியிருக்கிறது.

புது பிளஞ்சர், புது ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் நீளம் 3 அங்குலம் என்று அளந்து பார்த்துவிட்டே போட்டேன். துளைக்குள் இருந்த சின்னப் பிசிறை நைஸ் பேஸ்ட் தேய்த்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவினேன். வேலை மூன்று மணி நேரம்கூட இல்லை.

ஆனால் அன்று வண்டியைக் கொடுக்கவில்லை. 15 பவுண்டு அழுத்தத்தில் அது எத்தனை நூறு மைல் ஓடியிருக்கிறது என்று தாளே சொன்னது. பெரியவரிடம் கேட்டுக்கொண்டு சம்பைக் கழற்றி, ஒரே ஒரு பிக் எண்ட் கேப்பைத் திறந்தேன். மூன்று வருடம் முன்பு திறந்ததைவிட இப்போது கை அதிகமாக நடுங்கியது. பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்திருந்தால் அடியில் செம்பு நிறம் எட்டிப்பார்க்கும். டார்ச் அடித்துப் பார்த்தோம், இருவரும் குனிந்து. முழுக்கச் சாம்பல் நிறம்தான்.

சனிக்கிழமை இருபது மைல் ஓட்டினோம். சூட்டில் 3000 சுற்றுக்கு 62, ஐடிலிங்கில் 20. பெரியவர் பேனாவை எடுத்துத் தாளின் கடைசி வரியில் எழுதிக்கொண்டார்.