1920-க்கு எதிராக அரைப் புள்ளி

சிங்கப்பூர் தோ பாயோவில் நடந்த வாரக்கடைசிச் செஸ் போட்டியில் 1920 ரேட்டிங் உள்ள பையனோடு டிரா. என் ரேட்டிங் 1520. 400 புள்ளி வித்தியாசத்துக்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் அட்டவணை என்னிடம் எதிர்பார்க்கும் புள்ளி வெறும் 0.08. என் கே எண் (ரேட்டிங் மாற்றத்தைக் கணக்கிடும் பெருக்கல் எண்) 20, ஆக டிராவின் இந்த அரைப் புள்ளிக்கு என் ரேட்டிங் 8.4 ஏறும். எனக்கு இது பெரிய சந்தோஷம்.

ஓப்பனிங் மனப்பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, கொஞ்ச காலமாக யானை முடிவாட்டம் (ராஜா, யானை, சிப்பாய் மட்டும் மிஞ்சும் கடைசிக் கட்டம்) மட்டும்தான் பழகுகிறேன். காரணம் 2024 டிசம்பர், செந்தோசாவில் நடந்த உலகப் பட்டப் போட்டி. குகேஷுடன் 14ஆவது ஆட்டத்தில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் தாங்கிக்கொண்டிருந்தார். 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-க்குக் கொண்டுபோனார், உலகப் பட்டம் கைமாறியது. டிரா நிலையையும் கடைசிவரை ஆடித்தான் டிரா ஆக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் பக்கத்து வீட்டு அண்ணனோடு ஒரு சிப்பாய் குறைந்த யானை முடிவாட்டத்தை டிரா ஆக்கும் பிலிடோர் நிலையைத் திரும்பத் திரும்ப ஆடினோம். 1777-லேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் எழுதிவைத்த தற்காப்பு அது.

போட்டியிலும் அதேதான் வந்தது. நடு ஆட்டத்தில் பையன் அழகாக ஒரு சிப்பாயை வென்றான். மற்றதெல்லாம் வெட்டுப்பட்டு, கடைசியில் அவனுக்கு டி5-இல் ராஜா, ஈ5-இல் சிப்பாய், ஏ7-இல் யானை. எனக்கு ஈ8-இல் ராஜா, பி6-இல் யானை. அவன் ராஜா ஆறாவது வரிசைக்கு ஏறவிடாமல் என் யானை அதே வரிசையில் இங்குமங்கும் போய்வந்தது. அவசரமே படக்கூடாது. நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுவதால் நேரம் பற்றிய பயமில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் சிப்பாயை ஈ6-க்குத் தள்ளினான். உடனே என் யானை பி1-க்கு இறங்கியது. இனி அவன் ராஜா ஒளிய சிப்பாயின் முன்னால் இடமில்லை. டி6-க்கு வந்தால் டி1-இலிருந்து செக், ஈ5-க்குப் போனால் ஈ1-இலிருந்து செக். நாலைந்து செக்குக்குப் பிறகு அவனே டிரா கேட்டான்.

வெளியே வந்து இருவரும் ஆட்டத்தை மறுபடி அடுக்கிப் பார்த்தோம். "அங்கிள், ஆறாவது வரிசையை விடவே இல்லையே, நல்லாப் பிராக்டிஸ் பண்ணியிருக்கீங்க. ஆனா ஓரச் சிப்பாய்க்கு வான்சூரா தற்காப்பைத் தனியாப் படிக்கணும்" என்றான். யானையைப் பக்கவாட்டில் நிறுத்தி, சிப்பாயைத் தாக்கிக்கொண்டே செக் கொடுக்கும் முறையை அங்கேயே காட்டினான். இந்த வாரம் கல்மேசையில் அதுதான்.