தேயிலை பிடுங்கின மண்ணில் சீஓ-3 புல்லும் அசோஸ்பைரில்லமும்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் மாடு வைத்திருக்கிறவர்களுக்குப் புல்லுதான் பெரிய பாடு. கறவை மாடு தன் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல்லை ஒரு நாளைக்குத் தின்னும். 350 கிலோ மாட்டுக்கு 35 கிலோ. மலையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, காண் (வடிகால்) ஓரத்திலும் ஆற்றோரத்திலும் அறுத்து அவ்வளவையும் கட்டிச் சுமக்க யாராலும் முடியாது. அதனால் நாங்கள் இருக்கும் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு)ப் பின்னால், பழைய தேயிலை பிடுங்கிப் போட்ட சரிவில் சீஓ-3 நட்டோம். கம்பையும் யானைப்புல்லையும் ஒட்டுச் சேர்த்துக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய புல் அது. நல்ல மண்ணில் ஆள் உயரத்தைத் தாண்டும். எங்கள் சரிவில் இடுப்பளவோடு நின்றுவிட்டது. தாளும் மெலிசு, இலையும் மஞ்சள்.

யூரியா போட்டால் பச்சை பிடிக்கும், தெரியும். ஆனால் 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அந்த நவம்பரில் தடை நீங்கியும் விலை இறங்கவில்லை. புல்லுக்கு யூரியா மூட்டை வாங்குவது பால் காசில் கட்டுப்படியாகாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். காற்றில் 78 வீதம் நைதரசன்தான். அதைப் புல்லின் வேரடிக்குக் கொண்டுவரும் பக்டீரியா இருக்கிறது என்று படித்ததும், அதை இந்த மண்ணிலேயே செய்து பார்த்துவிட வேண்டும் என்று மனதில் உட்கார்ந்துவிட்டது.

அவரை, பயறு வேரில் முடிச்சுப் போட்டு வாழ்கிற ரைசோபியம் புல்லுக்கு உதவாது. புல் இனத்தோடு பழகுகிறது அசோஸ்பைரில்லம். ஒல்லாந்து விஞ்ஞானி பெயரிங்க் 1925இலேயே இந்த வகைப் பக்டீரியாவை விவரித்திருந்தாலும், பிறகு அது கிட்டத்தட்ட மறந்தே போனது. 1970களில் பிரேசிலில் யோஹன்னா டோபரைனர் என்ற அம்மா வெப்பநாட்டுப் புல் வேர்களில் அதைத் தேடிப் பிடித்துக் காட்டினார். அசோஸ்பைரில்லம் என்ற பெயர் வந்தது 1978இல். நைதரசனைப் பிடிக்கும் அதன் நொதி ஒட்சிசன் அதிகம் பட்டால் கெட்டுப்போகும். ஆகவே காற்று கொஞ்சமாக உள்ள இடத்தைத் தேடி நீந்திப் போய் வேரோடு ஒட்டிக்கொள்ளும். அங்கே அது வேர் வளர்க்கும் ஹோர்மோனும் சுரக்கிறது. என் அனுபவத்தில் புல்லுக்கு அதிகம் கைகொடுத்தது இந்த இரண்டாவது வேலைதான் என்று நினைக்கிறேன். ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இந்தக் காரியமே அதில்தான் நிற்கிறது. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். புளிப்பைக் காட்டும் பிஎச் எண் (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருந்தால் அதற்குச் சந்தோஷம். போதாததற்குக் காலங்காலமாகப் போட்ட அமோனியம் சல்பேட்டும் யூரியாவும் மண்ணை இன்னும் புளிக்க வைத்திருக்கின்றன. அவ்வளவு புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வந்து வேர் நுனியைச் சுடும், வேர் கட்டையாக நின்றுவிடும். அசோஸ்பைரில்லத்துக்கோ பிஎச் 6, 7 வேண்டும், சூடும் வேண்டும். 30 பாகைக்கு மேல்தான் அது நன்றாகப் பெருகும். நம்முடைய குளிருக்கு அது மெதுவாகத்தான் வேலை செய்யும். குளிரை நம்மால் மாற்ற முடியாது, புளிப்பைக் குறைக்கலாம். கவ்வாத்துக்குப் பிறகு தோட்டத்தில், புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூளான டொலமைட் போடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதே டொலமைட்டைப் புல்லுக்கும் போட்டேன். தூவிய மறுவாரமே அது வேலை செய்யாது. மாதக்கணக்கில் மழையோடு இறங்க வேண்டும். அதனால் நடுவதற்கு நன்றாக முந்தியே முள்ளுக் குத்திக் கிளறி மண்ணோடு கலந்துவிட்டேன்.

சரிவை மேலிருந்து கீழாக மூன்று பட்டியாகப் பிரித்தேன். மூன்றுக்கும் ஒரே அளவு மக்கிய மாட்டெரு. முதல் பட்டியில் டொலமைட் இல்லை, பக்டீரியா உண்டு. இரண்டாவதில் டொலமைட் உண்டு, பக்டீரியாவைக் கொதிக்க வைத்துச் சாகடித்து ஆற்றி ஊற்றினேன். மூன்றாவதில் டொலமைட்டும் உயிருள்ள பக்டீரியாவும். கொதிக்க வைத்தது ஏன் என்று வீட்டில் கேட்டார்கள். போத்தலில் பக்டீரியாவோடு அதற்கான சாப்பாடும் கரைந்திருக்கிறது. புல் செழித்தால் அந்தச் சத்தாலா, உயிராலா என்று பிரித்துப் பார்க்க வேறு வழியில்லை.

கண்டியில் வாங்கிய திரவப் போத்தல். அதில் போட்டிருந்த அளவுப்படி பீலியில் (மலை ஊற்றிலிருந்து) வரும் தண்ணீரில் கலந்தேன். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் இதற்கு ஆகாது. இரண்டு கணு உள்ள தண்டுகளை அதில் ஊற வைத்து, வெயில் தாழ்ந்த பிறகு நட்டேன். மீதியை வேரடியில் ஊற்றினேன். பின்னேரம் வாளியும் கையுமாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து லயத்துப் பெரியம்மா ஓடி வந்தார்.

"என்னா தம்பி, புல்லுக்கு மருந்தா அடிக்கிற? மாடு தின்னுறது இல்லியா?"

"மருந்து இல்ல பெரியம்மா. வேருக்கு நல்லது செய்யிற பூச்சி, கண்ணுக்குத் தெரியாது. மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"பூச்சிய வெலைக்கு வாங்கியா ஊத்துற?" என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. இங்கே மருந்து என்றால் களைநாசினி. அது பட்ட புல்லை யாரும் மாட்டுக்குக் காட்டமாட்டார்கள்.

முதல் பட்டியில் ஒரு மாற்றமும் இல்லை. பழைய கதைதான், அதே மஞ்சள். இரண்டாவது பட்டி என்னை ஆச்சரியப்படுத்தியது. டொலமைட் மட்டுமே போட்ட மண்ணில் புல் தாட்டியாக வந்தது. இலையிலும் பச்சை ஏறியது. வித்தியாசத்தில் பெரும்பங்கு டொலமைட்டுக்கே சேரும். மூன்றாவது பட்டியில் துளிர் முந்தி வந்தது, தூருக்குக் கிளைப்பும் கூட. உயரத்தில் இரண்டாவதற்கும் இதற்கும் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை. முதல் அறுப்புக்குப் பிறகுதான் தெரிந்தது. வெட்டிய கட்டை மறுபடி துளிர்ப்பதில் மூன்றாவது பட்டி தெளிவாக முந்திக்கொண்டது. கட்டுக் கட்டி எடுக்கும்போது கைக்கே பாரம் தெரிந்தது.

ஒவ்வொரு பட்டியிலும் ஒரு தூரைத் தோண்டி எடுத்துப் பீலியில் அலசினேன். முதல் பட்டித் தூரை உதறினதுமே மண் உதிர்ந்துவிட்டது. வேர் தடித்து, நுனி பழுப்பாக, குட்டையாக இருந்தது. மூன்றாவது தூரை எவ்வளவு உதறினாலும் மண் விடவில்லை. ஒவ்வொரு வேரையும் சுற்றிச் சட்டைக்கை போட்ட மாதிரி மண் ஒட்டியிருந்தது. தண்ணீரில் மெதுவாகக் கழுவக் கழுவ, உள்ளே வெள்ளை வேரும் அதில் பஞ்சாக மயிர் வேரும். இரண்டாவதிலும் வேர் வெள்ளைதான், மயிர் வேர் அவ்வளவு அடர்த்தி இல்லை. காற்றிலிருந்து நைதரசன் எவ்வளவு வந்தது என்று வீட்டில் அளக்க முடியாது. வேர் பெருத்ததைக் கண்ணால் பார்த்தேன். போட்ட மாட்டெருவையும் மழை கழுவிக்கொண்டு போகுமுன் அந்த வேர் பிடித்துக்கொள்கிறது. தென்மேற்கு மழைக்காலத்தில் இந்தச் சரிவில் அது சின்ன விஷயம் இல்லை.

இதை வாங்கி ஊற்ற நினைக்கிறவர்கள் போத்தலுக்கு முந்தி டொலமைட்டுக்குக் காசு ஒதுக்குங்கள். மண்ணை விவசாயத் திணைக்களத்தில் கொடுத்துப் பிஎச் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்வது நல்லது. போத்தலை வெயிலில் வைக்காதீர்கள். பூஞ்சைக் கொல்லியோடும் யூரியாவோடும் ஒன்றாகக் கலக்காதீர்கள். யூரியா தாராளமாகக் கிடைக்கிற இடத்தில் அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து நைதரசன் பிடிப்பதை நிறுத்திக்கொள்ளும்.

அடுத்தது தை, மாசி வெயில். மயிர் வேர் கூடிய பட்டி அந்தக் காய்ச்சலைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது பட்டியின் பாதிக்கு மட்டும் அறுப்புக்குப் பிறகு மறுபடி பக்டீரியா ஊற்றி, மற்றப் பாதியைச் சும்மா விடப்போகிறேன். முதல் பட்டிக்கு டொலமைட் இப்போதே தூவியாயிற்று.