ஒரு ஜோடி வெள்ளி வளையத்துக்கு ஒரு கிராம் கூட வேண்டாம்

வெள்ளிக் காதணியை வீட்டில் செய்யலாம் என்றதும் உலை, ஊதுகுழல், வெண்காரம் என்று ஒரு முழுப் பட்டறையையே மனதில் கொண்டுவந்து பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். பற்றவைத்துச் செய்யும் நகைக்குத்தான் அதெல்லாம். வெறும் கம்பியை வளைத்துச் செய்யும் வளையத்துக்கும் தொங்கட்டானுக்கும் நெருப்பே தேவையில்லை.

செலவைப் பார்ப்போம். 0.8 மி.மீ. தடிமனுள்ள 925 வெள்ளிக் கம்பி ஒரு மீட்டர் எடுத்தால் சுமார் 5.2 கிராம் இருக்கும். 2 செ.மீ. விட்டத்தில் ஒரு வளையம் செய்ய, பூட்டும் கொக்கிக்கும் சேர்த்து, 8 செ.மீ. கம்பி போதும். அப்படியானால் ஒரு ஜோடிக்கு 16 செ.மீ., அதாவது 0.83 கிராம். ஒரு மீட்டரில் ஆறு ஜோடி வந்துவிடும்! கடையில் சின்ன வளையத்துக்கு நாம் கொடுக்கும் விலையில் உலோகத்தின் பங்கு கொஞ்சம்தான், மீதியெல்லாம் கூலியும் லாபமும். அதனால் கம்பி வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் அது இல்லை.

925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. 999 என்று விற்கும் சுத்த வெள்ளி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் ரொம்ப மென்மையானது, ஒருமுறை தலையணையில் அழுந்தினாலே வளையம் கோணிவிடும். 'வெள்ளி முலாம்', 'வெள்ளி நிறம்' என்று எழுதியிருந்தால் உள்ளே வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. நுனியை அரத்தால் தேய்த்ததும் அது வெளியே வந்துவிடும், காதுக்குள் நுழையப் போவதும் அதே நுனிதான். ஜெர்மன் சில்வர் இன்னும் மோசம், பெயரில் மட்டும்தான் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த கலவை அது, நிக்கல் ஒத்துக்கொள்ளாத காதுகளுக்கு அரிப்பும் புண்ணும்தான் மிஞ்சும்.

தடிமனைப் பொறுத்தவரை 0.8 மி.மீ.யிலேயே நின்றுகொள்ளுங்கள். அமெரிக்க கேஜ் (AWG) கணக்கில் கேட்டால் 20. ஒரு மி.மீ. கம்பி பல காதுகளில் இறுக்கும், 0.6 என்றால் வளையம் வடிவத்தில் நிற்காது.

கருவிகள் அதிகமில்லை. முனை உருண்டையாக இருக்கும் ரவுண்ட் நோஸ் பிளையர் ஒன்று, உள்பக்கம் பல் இல்லாத சப்பை மூக்குப் பிளையர் ஒன்று (பல் இருந்தால் வெள்ளியில் தழும்பு விழும், மேலே டேப் சுற்றிக்கொள்ளலாம்), ஒரு கட்டர், மெல்லிய அரம், உப்புத்தாள், சின்னச் சுத்தியல், அடியில் வைத்துத் தட்ட வழவழப்பான ஒரு இரும்புக் கட்டை. சுற்றுவதற்குத் தடித்த மார்க்கர் பேனா, மருந்து பாட்டில் என்று உருளையாக எது கிடைத்தாலும் சரி. சுற்றிவிட்டுக் கையை எடுத்ததும் கம்பி கொஞ்சம் விரியும், அதனால் வேண்டிய அளவைவிட ஒரு சுற்று சிறிய உருளையாக எடுங்கள்.

முதலில் அதே தடிமனில் செம்புக் கம்பி வாங்கி ஒரு ஜோடி செய்து பாருங்கள். அளவும் வடிவமும் அதிலேயே முடிவாகிவிடும், வெள்ளியை வெட்டும்போது கை நடுங்காது.

சரி, வேலைக்கு வருவோம். 8 செ.மீ. துண்டு இரண்டு வெட்டுங்கள். வெட்டும்போது நுனியை விரலால் மறைத்துப் பிடிக்க வேண்டும், தெறிக்கும் துணுக்கு கண்ணைத்தான் தேடி வரும். ஒவ்வொரு துண்டையும் இரண்டு முனையிலும் பிளையரால் பிடித்து, நேராக இழுத்தபடி மூன்று நான்கு தடவை முறுக்குங்கள். உருண்டைக் கம்பியில் முறுக்கு வெளியே தெரியாது, ஆனால் கம்பி விறைப்பாகிவிடும். வளைத்து, முறுக்கி, தட்டித் தொல்லை கொடுக்கக் கொடுக்க வெள்ளி கடினமாகிக்கொண்டே போகும், வீட்டு வேலைக்கு இதைவிட வசதியான குணம் கிடையாது. அதற்காக ஒரே இடத்தை முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் படக்கென்று ஒடியும்.

அப்புறம் உருளையில் சுற்றி வளையமாக்குங்கள். ஒரு முனையை ரவுண்ட் நோஸ் பிளையரின் நுனியில் பிடித்துச் சின்னக் கண்ணியாகச் சுருட்டுங்கள். மறுமுனையில் கடைசி 3 மி.மீ.யை மட்டும் மேல்நோக்கி மடக்கினால் அது அந்தக் கண்ணிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பூட்டு அவ்வளவுதான். வளையத்தின் அடிப்பாதியை இரும்புக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டினால் லேசாகச் சப்பையாகி, அங்கங்கே ஒளி பட்டு மின்னும். மடக்கிய முனையிலிருந்து ஒன்றரை செ.மீ. வரை மட்டும் சுத்தியல் படவே கூடாது. அதுதான் காதுக்குள் போகும் பகுதி, சப்பையாகி அகன்றுவிட்டால் துளையில் நுழையாது.

இரண்டும் ஒரே மாதிரி வர வேண்டுமா? ஒன்றை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடாதீர்கள். இரண்டுக்கும் கண்ணி, இரண்டுக்கும் மடக்கு என்று ஒவ்வொரு படியையும் ஜோடியாகவே செய்யுங்கள். பிளையரின் முனை கூம்பாக இருப்பதால், எந்த இடத்தில் சுருட்டினோம் என்று அதன் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் கண்ணிகள் ஒரே அளவில் வரும்.

இனி நுனி. என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான், வீடியோக்களில் இரண்டு விநாடியில் தாண்டிப் போகிறார்கள். கட்டர் வெட்டிய இடம் கூரையைப் போலக் கூராக நிற்கும். அதை முதலில் அரத்தால் தட்டையாக்கி, பிறகு கம்பியை உருட்டிக்கொண்டே விளிம்பைச் சுற்றித் தேய்த்து மழுங்கச் செய்ய வேண்டும். அடுத்து 400, 600, 1200 என்று எண் கூடக் கூட நைசாகும் உப்புத்தாளில் படிப்படியாக ஏற வேண்டும். விரலை நம்ப வேண்டாம், விரல் தோல் தடிப்பு, அதற்குத் தெரியாது. மெல்லிய பருத்தித் துணி மேல் நுனியை இழுத்துப் பாருங்கள், ஒரு நூல் சிக்கினாலும் காதுக்குத் தயாரில்லை. முடிந்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டுப் போடுங்கள். புதிதாகக் குத்திய காதுக்கு இது வேண்டாம், புண் முழுதாக ஆறட்டும்.

மணி கோக்க நினைப்பவர்கள் துளையை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். முத்துகளின் துளை பெரும்பாலும் 0.8 கம்பி நுழையாத அளவில்தான் இருக்கும். 0.5 மி.மீ. கம்பியில் முத்தைக் கோத்து, மேலே கண்ணி சுருட்டி, வளையத்தில் தொங்கவிடலாம்.

வெள்ளி கறுக்கத்தான் செய்யும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் மேலே படிந்து வெள்ளி சல்ஃபைடு ஆவதுதான் அந்தக் கறுப்பு. பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதைத் தொடும்படி காதணியை வைத்து, ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டுச் சுடுநீர் ஊற்றினால் கந்தகம் அலுமினியத்துக்கு மாறி வெள்ளி பழையபடி வெளுக்கும். முத்து இருந்தால் இந்த வைத்தியம் கூடாது. பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள், பளபளப்பு போய்க் கீறல்தான் நிற்கும். கறுப்பே அழகு என்பவர்கள் வேகவைத்த முட்டையைச் சூடாக நசுக்கி, மூடிய பைக்குள் காதணியோடு சில மணி நேரம் வைத்து எடுத்தால், முட்டையிலிருந்து வரும் கந்தகமே அந்த வேலையைச் செய்துவிடும்.

வெட்டிய துணுக்குகளை ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். பழைய வெள்ளியாக எடைக்குப் போடலாம். பழகிய செம்புத் துண்டுகள் மட்டும் அதில் கலக்க வேண்டாம்.