720720ஐ ஏக்கராக்கிப் பார்த்தால்

1 முதல் 16 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் 720720இல் மீதி வராது. அப்படி வகுபடும் எண்களில் மிகச் சிறியதும் இதுதான். அதாவது அந்தப் பதினாறு எண்களின் பொதுமடங்குகளுள் சிறியது (பொ.ம.சி.).

இதைக் காண 1 முதல் 16 வரை எல்லாவற்றையும் பெருக்கும் பிள்ளைகள் உண்டு. விடை 20922789888000 என்று போய் நிற்கும். அதுவும் பொதுமடங்குதான், ஆனால் சிறியதல்ல. ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் 16ஐத் தாண்டாத மிகப் பெரிய வலுவை மட்டும் எடுங்கள்: 16, 9, 5, 7, 11, 13. 14உம் 15உம் தேவையில்லை. 2×7, 3×5 இரண்டும் ஏற்கெனவே உள்ளே கிடக்கின்றன. 16×9×5 = 720. 7×11×13 = 1001. எந்த மூன்றிலக்க எண்ணையும் 1001ஆல் பெருக்கினால் அதே எண் பக்கத்தில் இன்னொரு தரம் விழும். 720720 என்ற வடிவம் வந்தது அப்படித்தான். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமும் அதுவே.

காரணிகளை எண்ணும்போது கவனம். 2⁴×3²×5×7×11×13 என எழுதி, சுட்டிகளைப் பெருக்கி 8 என்று விடை போடுவது வழமையான பிழை. ஒரு காரணியில் 2 நான்கு தரம் வரை வரலாம், வராமலும் விடலாம். ஆகவே ஐந்து தெரிவுகள். ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்று கூட்ட வேண்டும்: 5×3×2×2×2×2 = 240. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் 240 காரணிகள் இல்லை. தன்னிலும் சிறிய எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் முந்தும் இத்தகைய எண்களைப் பற்றித்தான் இராமானுஜன் 1915இல் விரிவாக எழுதினார்.

இனி நம் வன்னிக் கணக்குக்கு வருவோம். இங்கே வயலைப் பேசுவது ஏக்கரில். ஓர் ஏக்கர் 43560 சதுர அடி. 720720 சதுர அடிக் காணி முழு ஏக்கராக வருமா? வகுத்துப் பார்க்கவே வேண்டாம். 43560 = 2³×3²×5×11². அதற்கு 11 இரண்டு தரம் வேண்டும், 720720இல் ஒன்றுதான் இருக்கிறது. வராது. வெட்டிச் சுருக்கினால் மிஞ்சுவது 182/11, அதாவது 16 ஏக்கரும் 23760 சதுர அடியும். பகுதியில் நிற்கும் அந்த 11தான் குறைந்த 11. இப்படிப் பதினொரு காணிகளைச் சேர்த்தால் சரியாக 182 ஏக்கர்.

அடுத்த எண் 720721ஐ 2 முதல் 16 வரை எதனால் வகுத்தாலும் மீதி 1. உடனே "முதன்மை எண்" என்று எழுதிவிடாதீர்கள். 16க்குள் காரணி இல்லை என்பது மட்டுமே இதிலிருந்து தெரிகிறது. 17இலிருந்து 848 வரையுள்ள முதன்மை எண்களையும் பார்த்தாக வேண்டும். பொறுமையாகப் போனால் 71இல் அகப்படும்: 71×10151. முன்னால் உள்ள 720719உம் அப்படித்தான்: 31×67×347. 720720உடன் 2 முதல் 16 வரை எதைக் கூட்டினாலும் கழித்தாலும், கூட்டிய அல்லது கழித்த அந்த எண்ணாலேயே விடை வகுபடும். ஆகவே 720704 முதல் 720736 வரை, தொடர்ந்து 33 எண்களில் ஒரு முதன்மை எண்கூட இல்லை.