எந்த இடத்தில் அளந்தது?

ஒளியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: விளக்கைப் பார்த்ததுமே ஒளியின் குணத்தை முடிவு கட்டிவிடுவது. லேசர் என்றால் ஓரியல் ஒளி, அதாவது அலைகள் ஒன்றோடொன்று இசைந்து போகிற ஒளி; சோடியம் விளக்கு என்றால் அது கிடையாது. கிளம்பிய ஒளி வழியில் எதன்மேலும் படாமலே குணம் மாறும் என்று சொன்னால் மாணவர்கள் நம்புவதில்லை. அதனால் மேசையிலேயே காட்டிவிடுவேன்.

சோடியம் விளக்குக்கு முன்னால் 2 மி.மீ. அகலப் பிளவு. அரை மீட்டர் தள்ளி, 0.25 மி.மீ. இடைவெளியுள்ள இரட்டைப் பிளவு. கண்ணருகு வில்லையில் பார்த்தால் மஞ்சள் பூச்சுதான். இரண்டு பிளவுகளின் ஒளியும் சேர்ந்து உண்டாக்கும் வெளிச்ச, கறுப்புப் பட்டைகள் இருக்கிற மாதிரியும் இருக்கும், இல்லாத மாதிரியும் இருக்கும். "முன்பிளவைக் குறுக்கலாமா சார்?" என்பார்கள். அதைத் தொடாதீர்கள், இரட்டைப் பிளவை 3 மீட்டருக்குத் தள்ளுங்கள் என்பேன். வெளிச்சம் நன்றாகவே மங்கிவிடும். அறை விளக்கையும் அணைத்தாக வேண்டும். பிளவுகள் இணையாக நிற்பதற்குள் பாதி வகுப்பு ஓடிவிடும். ஆனால் அப்புறம் தெரியும் பட்டைகளில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

ஓரியல் தன்மை எவ்வளவு அகலத்துக்கு நிலைக்கும் என்பதற்கு, அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி மூலத்தின் அகலத்தால் வகுத்தால் தோராயமான விடை வரும். 1934இல் வான் சிட்டர்ட்டும் 1938இல் செர்னிகேயும் நிறுவிய தேற்றம் இது. 1920இல் மவுண்ட் வில்சனில் திருவாதிரை நட்சத்திரத்தின் விட்டத்தை மைக்கெல்சன் குழு அளந்ததும் இதே வழியில்தான்: நட்சத்திர ஒளியைப் பிடிக்கும் இரண்டு கண்ணாடிகளைச் சுமார் 10 அடி விலக்கியபோது பட்டைகள் மறைந்தன; அந்த விலகலிலிருந்து விட்டம் கிடைத்தது.

தளவிளைவின், அதாவது ஒளியின் அதிர்வு ஒரே திசையில் ஒழுங்குபட்டிருப்பதன், கதை இன்னும் விசித்திரம். வெற்றிடத்தில் போகும் கற்றையிலும் அதன் அளவு மாறலாம் என்று 1994இல் டேனியல் ஜேம்ஸ் காட்டினார். கிடைத்தளக் கூறும் செங்குத்துக் கூறும் மூலத்தில் சம வலிமையோடு இருக்கட்டும். ஆனால் ஒன்றின் ஓரியல் அகலம் குறைவு என்று வையுங்கள். அது வேகமாக விரிந்து ஓரங்களுக்குப் போய்விடும். தூரத்தில், கற்றையின் நடுவில் மற்றது ஓங்கி நிற்கும். அங்கே, ஒரு திசை அதிர்வை மட்டும் விடும் போலராய்டு வடிகட்டியைச் சுழற்றினால் ஒளி கூடிக் குறையும். ஆற்றல் எங்கும் தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஓரியல் தன்மை, தளவிளைவு இரண்டையும் ஒரே கோட்பாட்டில் எமில் உல்ஃப் இணைத்தது 2003இல்.

இதனால்தான் கருவி வாங்கும்போது, தளவிளைவு இத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதிய தாளை நான் ஏற்பதில்லை. எவ்வளவு தூரத்தில், கற்றையின் எந்தப் பகுதியில் அளந்தது என்றும் கேட்டு எழுதுவேன். சிலர் உடனே போன் செய்து, "சார், அது எதுக்கு?" என்கிறார்கள்.