நாலாவது படி

தண்ணீரோரமாக உட்கார்ந்து சாப்பிடணும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். செப்டம்பர் கடைசியில் வெனிஸ் கூட்டிப்போனேன்.

முதல் நாள் கிராண்ட் கனாலை ஒட்டி, ரியால்ட்டோ பாலம் தெரிகிற மாதிரி ஓர் உணவகம். சாப்பாடு ஆறிப்போய் வந்தது. மீனுக்குப் போட்டிருந்த விலை முழு மீனுக்கு இல்லை, 100 கிராமுக்கு என்பது பில் வந்தபோதுதான் தெரிந்தது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று இருந்தால் 100 கிராம் என்று அர்த்தம். போகிறவர்கள் இதை மறக்காதீர்கள். ‘கோபெர்த்தோ’ என்று ஆளுக்குக் கொஞ்சம் சேர்ப்பது வேறு விஷயம். அது உட்கார்ந்து சாப்பிடுவதற்கான கட்டணம், இத்தாலியில் பல இடங்களில் வழக்கம்தான். காசுகூடப் போகட்டும். அம்மாவால் நிம்மதியாகத் தண்ணீரைப் பார்க்க முடியவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. படகுமேல் படகு, முதுகுக்குப் பின்னால் போட்டோ எடுக்கிற கூட்டம்.

மறுநாள் சாயங்காலம் கன்னரேஜோ பக்கம் நடந்தோம். 1516-ல் யூதர்களை ஒதுக்கிக் குடிவைத்த கெட்டோவைத் தாண்டினால், ஒரே கால்வாயின் கரை ஓர்மெசினி என்றும் பிறகு மிசெரிகோர்தியா என்றும் பெயர் மாறிக்கொண்டு நீளமாகப் போகிறது. கரையோர நடைபாதையை அங்கே ஃபொந்தமெந்தா என்கிறார்கள். நாங்கள் நின்ற இடத்தில் கைப்பிடிச் சுவர்கூட இல்லை. கல் தளம் முடிகிற இடத்தில் தண்ணீர். வெளியே போட்டிருந்த மேசைகளில் ஓரத்து மேசை ஒன்று காலியாக இருந்தது. எங்கள் பாக்கியம்.

அது பாக்கரோ. வெனிஸ்காரர்களின் சின்ன ஒயின் கடை. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் சிக்கெத்தி அடுக்கியிருக்கும்; கை காட்டினால் தட்டில் எடுத்து வைப்பார்கள். ஒரு துண்டு ரொட்டி, மேலே மீனோ சீஸோ காய்கறியோ. நாங்கள் போன கடையில் ஒவ்வொன்றும் ரெண்டு யூரோ. சின்ன கிளாஸ் ஒயினுக்கு ‘ஓம்ப்ரா’ என்று பெயர், நிழல் என்று அர்த்தம். ஒரு காலத்தில் சான் மார்க்கோ சதுக்கத்தில் ஒயின் விற்றவர்கள், மணிக்கூண்டின் நிழல் நகர நகரத் தங்கள் கடையையும் நகர்த்திக்கொண்டே போவார்களாம். அதிலிருந்து வந்த பெயர் என்று சொல்கிறார்கள். எனக்கு ஒரு ஓம்ப்ரா, அம்மாவுக்குத் தண்ணீர்.

முதலில் பக்கலா மந்தெக்காத்தோ. வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ரொட்டிமேல் குவித்திருந்தது. அம்மா ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏண்டி, இது கருவாடு தானே?”

“ஆமாம்மா. ஆனா உப்பு போடாத கருவாடு.”

“உப்பு போடாம எப்படிக் காயும்?”

குளிர்க் காற்றில் காயும். நார்வேயின் லொஃபோத்தன் தீவுகளில் காட் மீனை மரச் சட்டங்களில் தொங்கவிட்டே காயவைக்கிறார்கள். பியெத்ரோ குவெரினி என்ற வெனிஸ் வணிகரின் கப்பல் புயலில் சிக்கி, பிழைத்தவர்கள் 1432-ல் அந்தப் பக்கத்து ரோஸ்ட் தீவுவாசிகளிடம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே இந்த மீனைத் தின்றுதான் உயிர் தேறினார்கள். வெனிஸுக்கு அந்த ருசி வந்த கதையை அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். கட்டைபோல் இருப்பதை நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தால் இந்த வெண்ணெய்ப் பதம். அம்மா கேட்டுக்கொண்டே அடுத்ததை எடுத்தாள். வாயில் கரைந்த பிறகு, கடைசியில் மெல்லிசாகக் கருவாட்டு வாசம் ஏறும். அந்த வாசத்துக்காகவே இன்னொரு முறை போவேன்.

பிறகு சார்தே இன் சாவோர். பொரித்த மத்தி, மேலே வினிகரில் வதக்கிய வெங்காயம், உலர்திராட்சை, பைன் கொட்டை. நாள்பட வைத்துச் சாப்பிடக் கப்பல்காரர்கள் கண்டுபிடித்த பக்குவம். செய்த அன்றைவிட அடுத்த நாள்தான் ருசி. ஜூலையில் ரெதெந்தோரே திருவிழாவின் சனிக்கிழமை இரவு ஊர்க்காரர்கள் படகிலேயே உட்கார்ந்து இதைச் சாப்பிட்டுவிட்டு வாணவேடிக்கை பார்ப்பார்களாம். 1577-ல் கொள்ளைநோய் நீங்கியதற்கான நன்றித் திருவிழா அது.

எங்கள் மேசைக்குப் பக்கத்திலேயே தண்ணீருக்குள் இறங்கும் கல்படிகள். வந்தபோது ஏழு மணி இருக்கும், தண்ணீர் வற்றியிருந்தது. கீழ்ப்படிகளில் தலைமயிர் மாதிரி பச்சைப் பாசி. ஒரு குட்டி நண்டு பக்கவாட்டில் ஓடிச் சுவர் இடுக்கில் புகுந்தது. லேசாகச் சேற்று நாற்றமும் அடித்தது, மறைப்பானேன். இருட்ட இருட்ட எதிர்வீட்டு ஜன்னல் வெளிச்சங்கள் தண்ணீரில் விழுந்தன. எப்போதாவது ஒரு சின்னப் படகு போகும். போன பிறகு அலை வந்து கல்லில் ‘களக்’ என்று மோதும்.

“முதல் படியைக் காணோம் பாரு” என்றாள் அம்மா.

பௌர்ணமி நெருங்கிய நாள், கடல் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே சுமார் ஆறு மணி நேரம் ஏற்றம், ஆறு மணி நேரம் இறக்கம். அம்மாவுக்கு ஒரு பயம்: நாம் உட்கார்ந்திருக்கும்போதே மேலே வந்துவிட்டால்? வராது என்று சொன்னேன். 1966 நவம்பர் 4-ல் 194 சென்டிமீட்டர், 2019 நவம்பர் 12-ல் 189 என்று ஊரே மூழ்கியது உண்மை. 2020 அக்டோபரிலிருந்து, பெரிய ஏற்றம் வரும் என்று தெரிந்தால், வெனிஸைச் சுற்றியிருக்கும் காயல் கடலோடு சேரும் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகள் எழுந்து நின்று தடுக்கின்றன. இன்றைக்கு வெறும் சாதாரண ஏற்றம்தான்.

அதற்குப் பிறகு அவளிடம் பயம் இல்லை, எண்ணிக்கைதான் இருந்தது. ரெண்டாவது படி போனது. மூன்றாவதும் போனது. குளிர ஆரம்பித்தது, நான் சால்வையை எடுத்துக் கொடுத்தேன். கிளம்பலாமா என்று கேட்டால், “நாலாவது போகட்டும்டி” என்றாள். தட்டில் ஒரே ஒரு மத்தி மிச்சம் வைத்திருந்தாள். கடைக்காரப் பெண் வந்து தட்டை எடுக்கப் பார்த்தபோது கையால் மறித்தாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மணி பத்தை நெருங்கும்போது நாலாவது படியின் விளிம்பில் மட்டும் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. ஒரு படகு மெதுவாகத் தாண்டிப் போனது. அலை ஐந்தாவது படிவரை ஏறி இறங்கியது. நாலாவது திரும்பத் தெரியவில்லை.

அம்மா அந்த மத்தியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.