தாமிரச் சுரங்க விரிவாக்கம்: அரைவைச் சுற்றை வடிவமைக்கும்போது கணக்கு எங்கே இடறுகிறது

தாமிரச் சுரங்கம் ஆழம் போகப் போகப் பெரும்பாலும் கல் இறுகும், தாதின் தரம் குறையும். உற்பத்தியைத் தக்கவைக்கவே கூடுதலாக அரைக்க வேண்டியிருக்கும். அதனால் விரிவாக்க வேலையில் முதலில் மாதிரிகளைத்தான் பிடித்துக்கொள்வோம். துளையிட்டு எடுத்த கோர்களை (உருளை வடிவப் பாறைத் துண்டுகளை) ஒன்றாகக் கலந்து ஒரே சராசரி எடுப்பது பெருந்தவறு. பாறை வகைவாரியாக, எந்த ஆண்டில் வெட்டப்படும் என்பது வாரியாகப் பிரித்தே சோதிக்க வேண்டும். கல்லை மோதி உடைத்துப் பார்க்கும் சோதனையில் வரும் A×b எண் (குறையக் குறையக் கல் கடினம்) 30-க்குக் கீழே இருந்தால் கல் மிகக் கடினம், சாக் மில் (பெரிய கற்களும் இரும்புக் குண்டுகளும் சேர்ந்து அரைக்கும் முதல் மில்) திணறும். அரைக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணிக்க உதவும் பாண்ட் சோதனைக்குச் சல்லடை தேர்வது முக்கியம்: 150 மைக்ரான் இலக்கு என்றால் 212 மைக்ரான் சல்லடை. அகலமான சல்லடையில் எடுத்த எண்ணை இந்தக் கணக்கில் போட்டால் மில் அளவே தப்பிவிடும்.

நாளைக்கு 60,000 டன் ஆலை என்று வைத்துக்கொள்வோம். 92 விழுக்காடு நேரம்தான் ஓடும் என்றால் மணிக்கு 2,717 டன். மாதிரிகளில் 80 விழுக்காடு இதற்குள் அடங்கும் என்ற கடினத்தில் பாண்ட் எண் 14 என்போம். சாக் மில்லிலிருந்து வருவது 2,000 மைக்ரான், பால் மில் (இரும்புக் குண்டுகளால் நுணுக்கும் அடுத்த மில்) சுற்று தரவேண்டியது 150 மைக்ரான் (இரண்டும் பொருளில் 80 விழுக்காடு கடக்கும் சல்லடை அளவு). பாண்ட் கணக்குப்படி பால் மில்லுக்கு டன்னுக்கு 8.3 கிலோவாட் மணி, மொத்தம் 22.5 மெகாவாட். தலா 13 மெகாவாட்டில் இரண்டு பால் மில் போட்டால் தாராளமாகத் தெரியும்.

இடறுவது இங்கேதான். சாக் மில் திணறுகிறது என்று அதற்கு முன்னால் ஒரு கிரஷர் சேர்ப்பார்கள். உடனே டன் ஏறும், எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சாக் மில்லுக்குள் தானே அரைக்கும் பெரிய கற்கள் குறைந்துவிடும், வெளிவருவதும் பருமனாகும். அந்த 2,000 மைக்ரான் 4,000 ஆனால் பால் மில்லுக்கு 9.2 கிலோவாட் மணி, அதாவது 25 மெகாவாட் தேவை. கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்தது. நெருக்கடி தீரவில்லை, அடுத்த மில்லுக்கு நகர்ந்திருக்கிறது. மில்லுக்குள் கல் நிரப்பு சரிந்தால் இரும்புக் குண்டுகள் நேராக லைனரில் (மில்லின் உட்சுவர்த் தகட்டில்) விழுந்து உடைக்கவும் செய்யும். முன் கிரஷர் கேட்பவர்களிடம் பால் மில் கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

சாக் மில்லே வேண்டாம் என்ற வழியும் உண்டு. பெரு நாட்டின் அரெகிபா அருகே உள்ள செர்ரோ வெர்தே தாமிரச் சுரங்கத்தின் அரைவை ஆலை 2006-இல் உயர் அழுத்த அரைவை உருளைகளோடு தொடங்கியது. 2015-இல் முடிந்த விரிவாக்கத்திலும் அதே வழிதான், நாளைக்கு 3,60,000 டன் அளவுக்கு. கடினமான, களிமண் குறைந்த தாதுக்கு இது மின்சாரத்தை மிச்சப்படுத்தும். பதிலுக்குக் கன்வேயர், சல்லடை, தூசிக் கட்டுப்பாடு எல்லாம் கூடும். உருளை மேற்பரப்பின் கடின முளைகளை ஒரு இரும்புத் துண்டு பெயர்த்துவிடும். காந்தமும் உலோகம் காட்டும் கருவியும் இல்லாமல் இந்த வழிக்குப் போகவே கூடாது.

கடைசியில் பம்பும், அரைத்த குழம்பைச் சுழற்றி நுண்துகளையும் பருமனான துகளையும் பிரிக்கும் சைக்ளோனும். வரைபடத்தில் சிறிதாகத் தெரிவதால் இவற்றைக் கடைசி நேரத்துக்குத் தள்ளுவார்கள். சுழல் சுமை (சைக்ளோன் மில்லுக்கே திருப்பி அனுப்புவது, புது ஊட்டத்தோடு ஒப்பிட்டால்) 300 விழுக்காடு என்றால் சைக்ளோனுக்குப் போகும் திடப்பொருள் மணிக்கு 10,870 டன். மேல்வழிவு (நுண்துகள் வெளியேறுவது) 33 விழுக்காடு திடம், கீழ்வழிவு (பருமனானது மில்லுக்குத் திரும்புவது) 75 என்று வைத்தால் ஊட்டக் குழம்பு 57 விழுக்காட்டில் நிற்கும். தாதின் ஒப்படர்த்தி 2.75 என்றால் ஒவ்வொரு மில்லுக்கும் மணிக்கு சுமார் 6,100 கன மீட்டர். கீழ்வாய் சிறிதாக இருந்தால் குழம்பு குடையாக விரியாமல் கயிறாக இறங்கும், பருமனான துகள் மேல்வழிவில் ஏறி, தாமிரத்தைப் பிரித்தெடுக்கும் மிதப்புத் தொட்டிக்குப் போய்விடும், அங்கே தாமிரம் கழிவோடு போகும். சம்பில் (பம்புக்கு முன் குழம்பு தேங்கும் தொட்டியில்) ஒரு நிமிட ஓட்டத்துக்காவது, அதாவது 100 கன மீட்டருக்கு, இடம் விடுங்கள். குறைத்தால் மட்டம் ஏறி இறங்கி பம்ப் காற்றை இழுக்கும், சைக்ளோன் அழுத்தம் நிலைக்காது.